மனுவின் முதல் வரி

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் அதற்குள் நாலாக மடித்து வைத்திருந்த மனை வரைபடமும் வந்து சேர்ந்தன. பதில் தாமதமானதற்குக் கண்தான் காரணம். அறுவை முடிந்து மூன்று வாரம் எதையும் படிக்காதே என்று சொல்லிவிட்டார்கள். இப்போது நன்றாகத் தெரிகிறது. உன் கையெழுத்து இன்னும் திருந்தவில்லை என்பதும் தெரிகிறது.

பத்து ஏக்கர் வயலில் 120 வீடுகள். ஊரில் இப்போது இருப்பதே 200 வீடுதான். எதிர்ப்பு மனுவை நான் எழுதித் தர வேண்டும் என்கிறாய். எழுதுகிறேன், ஆனால் நீ சொன்ன வரிசையில் இல்லை. "ஊரின் அமைதி கெட்டுவிடும், யார் யாரோ வந்து சேருவார்கள்" என்று ஆரம்பித்தால் அதிகாரி இரண்டாம் பத்திக்கே வரமாட்டார். அவர் கிடக்கட்டும், எனக்கே எழுதக் கை வராது. நான் குடியிருக்கும் வீடும் ஒரு காலத்தில் யாரோ உழுத நிலம்தான். நான் சாமான்களோடு வந்து இறங்கிய அன்று முகம் சுளித்தவர்கள், இன்று என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அடுத்து வருபவர்களைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள்.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். பத்து ஏக்கர் என்றால் சுமார் 40,000 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் கொட்டினால் 20 லட்சம் லிட்டர்! வயலாக இருக்கும்வரை மண் ஒரு பங்கைக் குடிக்கிறது, வரப்பு ஒரு பங்கை நிறுத்திவைக்கிறது, மிச்சம் நிதானமாக இறங்குகிறது. சிமென்டும் தாரும் குடிக்காது. விழுந்ததெல்லாம் உடனே சரிவை நோக்கி ஓடும். வரைபடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். அத்தனை தண்ணீரும் போய்ச் சேர ஒரே வழிதான் காட்டியிருக்கிறார்கள்: சாலைக்கு அடியில் இருக்கும் அந்தப் பழைய குழாய். சிறுவயதில் பந்தெடுக்க நுழைந்து, தோள் இடித்து நீ மாட்டிக்கொண்டாயே, அதே குழாய். போன மழையில் உன்னைப் பார்க்க வந்தபோது அதன் வாயில் பாதிக்கு மேல் வண்டல். கிழிந்த சாக்கு ஒன்று சிக்கித் துடித்துக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் செந்நீர் சாலைமேல் ஏறிவிட்டது. அப்போது மேலே இருந்தது வெறும் வயல்.

அடுத்தது கழிவுநீர். வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு 100 லிட்டர் என்று வைத்தாலே நாளொன்றுக்கு 48,000 லிட்டர். வீட்டுக்கொரு தொட்டி என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். சரிவின் கீழே குடிக்கிற கிணறு இருப்பது வரைபடத்திலேயே இல்லை. சாலை, பள்ளிக்கூடம் எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும். பூங்காவைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். பூங்கா எப்போதும் கடைசிக் கட்டத்தில்தான் வரும், அதற்குள் கட்டியவர் கணக்கை முடித்துக்கொண்டு போயிருப்பார்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. உன் தம்பி மகன் ஏன் நகரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறான்? ஊரில் அவன் கைக்கு எட்டும் வீடு ஒன்றுகூட இல்லை என்று நீதான் வருத்தப்பட்டாய். ஆகவே "வேண்டாம்" என்று எழுத மாட்டேன், "இப்படி வேண்டாம்" என்று எழுதுகிறேன். வடிகாலும் புதுக் குழாயும் முடிந்த பிறகே முதல் வீட்டில் ஆள் குடியேற வேண்டும், பிறகு அந்த வடிகாலைத் தூர் வாருவது யார் பொறுப்பு என்பதும் அனுமதி உத்தரவிலேயே இருக்க வேண்டும். சிறிய வீடுகள் கொஞ்சமாவது வேண்டும் என்றும் கேட்கிறேன். இதில் உனக்குச் சம்மதம் இல்லையென்றால் இப்போதே சொல்லிவிடு.

மனுவுக்கு எனக்கு இரண்டு வேண்டும். அடுத்த மழையில் சாலையின் புகைப்படம், தேதியோடு. பிறகு குழாய் வாயின் சரியான அளவு. அளவுநாடா எடுத்துக்கொண்டு போ, வெளியில் நின்றே அள. இந்த வயதில் இழுத்து வெளியே எடுக்க நான் பக்கத்தில் இல்லை.

அன்புடன்,
உன் பழைய நண்பன்