'அமைதியான டயர்' என்றால் எத்தனை டெசிபல்?

பிக்கப்புக்கும் இலகு ரக லாரிக்கும் டயர் செய்யும் நிறுவனங்களின் பொறியாளர்களுக்கும், அவற்றுக்கு விளம்பரம் எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம். ஆண்டில் எட்டு மாதம் நெடுஞ்சாலையில் ஓடி, மீதி மாதங்களில் பனியில் ஊர்கிற பிக்கப் என்னுடையது. இரைச்சல் இல்லாமல் ஓட வேண்டும், பனியிலும் வழுக்கக் கூடாது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் கடைசி வரை படியுங்கள்.

இரண்டு செட் டயர் வாங்கி ஏமாந்தபின் எழுதுகிறேன். முதல் செட், சாலையைத் தொடும் ரப்பர்க் கட்டிகள், அதாவது பட்டன்கள், பெரிது பெரிதாக வைத்த முரட்டு டயர். பனியில் குறையே சொல்ல முடியாது. பாதி தேய்ந்ததும் ஊளையிடத் தொடங்கியது. பின் சீட்டில் இருந்த அம்மா, "மேலே ஏதாவது பிளேன் போகுதாப்பா?" என்று கேட்டார். அதற்குப் பயந்து அடுத்த செட்டை 'நெடுஞ்சாலை அமைதி' என்று நீங்கள் புகழ்ந்த வகையில் வாங்கினேன். அமைதிதான். முதல் பனியில், ஒரு சாதாரண ஏற்றத்தில், வண்டி அமைதியாகப் பின்னோக்கிச் சறுக்கியது. பக்கச்சுவரில் 'எம் பிளஸ் எஸ்' என்று இருந்ததே என்று கேட்காதீர்கள். அதை நம்பித்தான் வாங்கினேன்.

அந்த எழுத்துகளின் கதை பிறகுதான் தெரிந்தது. 'சேறும் பனியும்' என்று விரியும் அந்தக் குறி டயரின் வடிவத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுவது. போதுமான பள்ளமும் இடைவெளியும் இருந்தால் குத்திக்கொள்ளலாம். பனியில் ஒரு மீட்டர்கூட ஓட்டிக் காட்டத் தேவையில்லை. மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னம் வேறு ரகம். 1999-இல் வட அமெரிக்க டயர்த் துறை கொண்டுவந்த அதற்கு உண்மையான சோதனை உண்டு. தொடக்க விதிப்படி, இறுகிய பனியில் ஒப்பீட்டு டயரின் இழுவை 100 என்றால் இது 110 எடுக்க வேண்டியிருந்தது. நல்லது. ஆனால் எல்லையைத் தொட்டதற்கும் அதைவிட எவ்வளவோ கூடுதலாக வாங்கியதற்கும் ஒரே சின்னம். அந்தச் சோதனை பார்ப்பதும் வேகமெடுக்கும்போது முன்னோக்கி இழுக்கும் வலுவை மட்டுமே. பிரேக் பிடித்தால் எங்கே நிற்கும், வளைவில் என்ன செய்யும், கண்ணாடிபோல் உறைந்த சாலையில் என்ன ஆகும் என்பதைப் பற்றிச் சின்னம் வாய் திறப்பதில்லை. நாலு சக்கர இழுவை உள்ள வண்டிக்காரர்கள் இங்கேதான் ஏமாறுகிறோம். கிளம்புவதில் எங்களுக்கு எப்போதுமே பிரச்சினை இல்லை. நிற்பதில்தான் பிரச்சினை.

சத்தத்தைப் பற்றி அந்த அளவுகூடச் சொல்வதில்லை. 'மென்மை', 'நிசப்தம்', 'சுகமான பயணம்' என்று பெயரடையாகவே போட்டுத் தள்ளுகிறீர்கள். ஒரு டயர் எத்தனை கிலோ தாங்கும் என்பதைப் பக்கச்சுவரில் அச்சடிக்கத் தெரிந்த உங்களுக்கு டெசிபலை அச்சடிக்கத் தெரியாதா? ஐரோப்பாவில் அச்சடிக்கிறீர்களே! 2021 மே முதல் அங்கே நடப்பில் உள்ள லேபிளில் டெசிபல் எண்ணும், ஏ, பி, சி என்று தரமும், பனிப்பிடிச் சின்னமும் ஒரே தாளில் இருக்கின்றன. அமெரிக்காவில் கார் டயருக்குத் தேய்மானம், ஈரப்பிடி, வெப்பம் என்று மூன்று தரம் போட்டாக வேண்டும். லாரிக்கான 'எல்டி' டயருக்கு அதுவும் கட்டாயமில்லை. கூடுதல் விலை கொடுத்துக் கனமான டயர் வாங்குகிறவனுக்குக் குறைந்த தகவல்.

ஐரோப்பிய எண்ணிலும் எனக்கு ஒரு குறை உண்டு. எஞ்சினை அணைத்துவிட்டு உருண்டு போகும் வண்டியின் சத்தத்தைச் சாலையோரம் மைக் வைத்து அளப்பது அது. தெருவில் குடியிருப்பவருக்கு உதவும். கேபினுக்குள் உட்கார்ந்திருப்பவர் காதில் என்ன விழுகிறது என்பது வேறு கணக்கு. இருந்தாலும் ஒன்றுமில்லாததற்கு அது மேல்.

இப்போது கூழும் மீசையும். இரண்டும் முழுக்கப் பகையல்ல என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஓடும்போது ஒவ்வொரு பட்டனும் சாலையை அறைகிறது, பள்ளத்தில் அகப்பட்ட காற்று பிதுங்கி வெளியேறுகிறது. எல்லாப் பட்டனும் ஒரே நீளம் என்றால் ஒரே சுருதியில் ஊதும். நீளத்தை மாற்றி மாற்றி வைத்தால் சத்தம் பல சுருதிகளாகச் சிதறி, காதுக்கு உறைக்காமல் போகும். பனிக்கு வேண்டியதோ மயிரிழை போன்ற நுண்வெட்டுகளும், குளிரில் விறைக்காத ரப்பரும். இந்த இரண்டும் ஊளையிடுவதில்லை. ஊளையிடுவது அகன்ற பள்ளமும் பெரிய பட்டனும்தான், அவையும் சேற்றுக்காக வைத்தவை. நான் சேற்றில் ஓட்டுவதே இல்லை. நெடுஞ்சாலை வடிவம், நிறைய நுண்வெட்டு, மலைச் சின்னம் மூன்றும் சேர்ந்த டயரை உங்களில் சிலர் ஏற்கெனவே செய்கிறீர்கள். அதைக் கண்டுபிடிக்கத்தான் துப்பறிவாளர் தேவைப்படுகிறார். ஒரே பெயரில் ஒரு அளவுக்கு மலைச் சின்னம் இருக்கும், இன்னொரு அளவுக்கு இருக்காது. என் சக்கரத்துக்கு உரிய அளவில் இருக்கிறதா என்று டயரையே புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சுமைத் தரத்தையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பத்து ப்ளை, அதாவது பத்து உள்ளடுக்கு, வலுவுக்குச் சமமான 'இ' தர டயர் 80 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வரை தாங்கும். கனத்த பக்கச்சுவர், குலுக்கலும் அதிகம். தினமும் பாரம் ஏற்றுகிறவருக்கு அது அவசியம். வாரத்தில் ஒரு நாள் நாலு மூட்டை ஏற்றுகிறவருக்கு, வண்டிக் கதவின் ஸ்டிக்கர் அனுமதித்தால், கார்களுக்கான சாதாரண 'பி' வகை டயரே போதும். இதை விற்பவரும் சொல்வதில்லை, நீங்களும் சொல்வதில்லை.

கடைசியாகத் தேய்மானம். மலைச் சின்னம் புது டயர் வாங்கிய மதிப்பெண். டயர் மொட்டையாகும் வரை அது பக்கச்சுவரிலேயே நிற்கிறது. ஆஸ்திரியாவில் குளிர்கால ரேடியல் டயரின் பள்ளம் 4 மி.மீ.-க்குக் கீழே போனால் அது குளிர்கால டயராகவே கணக்கில் வராது. பொதுவான சட்ட எல்லையோ 1.6 மி.மீ. இடையில் உள்ள 2.4 மி.மீ.-இல் என் பின் சக்கரம் எத்தனை முறை சறுக்கியிருக்கும்! பனிக்கான எல்லையைக் காட்ட இன்னொரு தேய்மானக் கட்டையைப் பள்ளத்துக்குள் வார்த்து வைப்பது பெரிய காரியமல்ல. குளிர்கால டயர்கள் சிலவற்றில் செய்தும் இருக்கிறீர்கள். எங்கள் டயருக்கும் வையுங்கள். பாதி தேய்ந்த நிலையில் சத்தம் எவ்வளவு என்பதையும் அளந்து வெளியிடுங்கள். புதிதில் எல்லா டயரும் அமைதிதான்.

வரும் பனிக்காலத்துக்குள் நான்கு டயர் மாற்றியாக வேண்டும். இரண்டு எண்கள் கேட்கிறேன்: என் அளவுக்கு எத்தனை டெசிபல், பனியில் எத்தனை மதிப்பெண். இரண்டும் உங்கள் சோதனைக்கூடத்தில் ஏதோ ஒரு கோப்பில் ஏற்கெனவே இருக்கின்றன என்றே நினைக்கிறேன். முதலில் எவர் அச்சடிக்கிறாரோ, அவரிடம் வாங்குகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாவது செட்டுக்குக் காத்திருக்கும் ஒரு பிக்கப் ஓட்டி