டங்குன்னு சத்தம் கேட்கணும்

கோவில்பட்டி,
நவம்பர் 9

அன்புள்ள ஜெயா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் எழுத முடியாமல் போனதற்கு அம்மாதான் காரணம். இடது கண்ணில் புரை முற்றிவிட்டது. அறுவை செய்து கூட்டி வந்தோம். இப்போது சொட்டு மருந்து விட ஐந்து நிமிடம் பிந்தினாலும் என்னை அதட்டுகிறாள். நன்றாக இருக்கிறாள் என்று இதிலேயே தெரிந்துகொள். மழை இந்த வருடம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. கரிசலில் கால் வைத்தால் கால் வருகிறது, செருப்பு வருவதில்லை. பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் மக்காச்சோளம். நாம் படித்த காலத்தில் அதெல்லாம் பருத்திக் காடு, ஞாபகம் இருக்கிறதா?

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருடம் ஒன்று, இரண்டாம் வகுப்பு எடுத்தவளை இப்போது ஐந்தாம் வகுப்பில் போட்டுவிட்டார்கள், பத்தி எழுதச் சொன்னால் நாலு வரிக்கு மேல் நகர மாட்டேன் என்கிறார்கள், முதலில் இலக்கணத்தை முடித்துவிட்டு அப்புறம் எழுத விடலாமா என்று கேட்டிருந்தாய். நானும் ஏழெட்டு வருடம் அப்படித்தான் செய்தேன். இலக்கணம் முடிவதற்குள் வருடம் முடிந்துவிடும் ஜெயா. பாடநூலில் இலக்கணப் பகுதிக்குக் 'கற்கண்டு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல பெயர்தான். நாம் அதை மாத்திரை மாதிரி விழுங்கச் சொல்கிறோம்.

பயிற்சிப் பள்ளி விடுதி மொட்டைமாடியில் நீ நன்னூல் ஒப்பிப்பாயே. 'இயல்பினும் விதியினும் நின்ற உயிர்முன் கசதப மிகும்...' நீ அடுத்த சூத்திரத்துக்குப் போவதற்குள் நான் தூங்கிவிடுவேன். தேர்வில் இருவருமே நல்ல மார்க்தான். ஆனால் 'அந்த பையன்' என்று எழுதுகிற பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தச் சூத்திரத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை என்பது எனக்கு உறைக்க வெகுகாலம் ஆனது.

என் வகுப்பில் 24 பேர். ஜூன் மாதம் 'நான் பார்த்த காட்சி' என்று எழுதச் சொன்னேன். 19 நோட்டில் 'ஆடுகள் மேய்ந்தது', 'பறவைகள் பறந்தது' என்று இருந்தது. பழைய ஆளாக இருந்தால் சிவப்புப் பேனாவை எடுத்திருப்பேன். இந்தத் தடவை கொஞ்சம் யோசித்தேன். பிள்ளை வீட்டில் என்ன பேசுகிறது? ஆடு மேஞ்சுச்சு, ஆடுங்க மேஞ்சுச்சு. ஒன்றானாலும் ஒன்பதானாலும் வினை ஒன்றுதான். 'மேய்ந்தன' என்று எந்த வீட்டிலும் யாரும் பேசுவதில்லை, நீயும் நானும் உட்பட. வாயில் இல்லாத பலவின்பால் கையில் மட்டும் எப்படி வரும்? அவன் விதியை மீறவில்லை, தன் வீட்டு விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறான்.

அதனால் கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போட்டேன். இந்தப் பக்கம் 'வாய்', அந்தப் பக்கம் 'கை'. தினமும் காலையில் ஐந்து நிமிடம், பிள்ளைகள் வாயில் வருவதை ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், அதைக் கைப் பக்கத்துக்கு மாற்ற வேண்டும். எந்தப் பக்கமும் தப்பு இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். வாய்ப் பக்கத்தில் 'ஆடுங்க மேஞ்சுச்சு', கைப் பக்கத்தில் 'ஆடுகள் மேய்ந்தன'. ஒருமை பன்மை என்று தலைப்புப் போடவே இல்லை. இரண்டு வாரத்தில் யாராவது 'மேய்ந்தது' என்று எழுதினால் பக்கத்துப் பிள்ளையே "ஏய், அது வாய்டா" என்கிறது.

இதில் ஒரு நாள் 'எங்க அம்மா வந்தாங்க' என்பது வந்தது. கைப் பக்கம் 'வந்தார்' என்று எழுதினேன். ஒருத்தி எழுந்து, "வந்தார்னா ஆம்பளை மாதிரி இருக்கே டீச்சர்?" என்றாள். நல்ல கேள்வி. 'ஆர்' ஆண்களுக்கானது இல்லை, பல பேருக்கானது. ஒருத்தரையே பல பேராக எண்ணிச் சொல்வதுதான் மரியாதை என்றேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "எங்கம்மா நாலு ஆள் வேலை பாக்குதுல்ல டீச்சர், சரிதான்." அம்மாவைப் 'பாக்குது' என்று சொன்னதை அன்றைக்குக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அது வேறு பாடம்.

சந்திப் பிழைக்கு வருகிறேன். உன் தலைவலியே அதுதான் என்று எழுதியிருந்தாய். நான் மூன்றே மூன்று இடம்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த, இந்த, எந்தவுக்குப் பின்னால். ஐ உருபுக்குப் பின்னால். கு உருபுக்குப் பின்னால். அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் ஒற்று வரும். மீதியை ஆறாம் வகுப்புக்கும் அதற்கு மேலும் விட்டுவிட்டேன். உருபுக்குச் சீட்டு விளையாட்டு: 'நாய்', 'பையன்', 'கடித்தது', 'ஐ' என்று தனித்தனிச் சீட்டு. 'ஐ'யைப் பையனோடு ஒட்டினால் நாய் கடித்தது. சீட்டுகளை முன்பின் மாற்றினாலும் பாவம் பையன்தான் கடிபடுகிறான். 'ஐ'யை எடுத்து நாயோடு ஒட்டியதும் 'நாயைப் பையன் கடித்தான்'. வகுப்பே சிரித்தது. வினை ஏன் 'கடித்தான்' ஆனது என்று கேட்டேன். அதையும் அவர்களே சொன்னார்கள். வேற்றுமை, திணை, பால், சந்தி நாலும் ஒரு நாய்க்கடியில் முடிந்தது. 'நாயைப்' என்பதில் அந்த 'ப்' எழுதிய சீட்டுக்கு அன்று பெரிய அடிதடி.

இனி பத்தி. இதில்தான் நான் சொல்ல நினைத்தது அதிகம்.

நாலு வரிக்கு மேல் போகவில்லை என்றால் அவர்களுக்கு எழுத ஒன்றும் இல்லை என்று அர்த்தம். 'பசு ஒரு வீட்டு விலங்கு, அதற்கு நான்கு கால்கள் உண்டு.' இதை டீச்சருக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? டீச்சருக்குத் தெரியாதா? முன்னுரை, முடிவுரை, நடுவில் 'மேலும்', 'எனவே' என்று கைடில் இருப்பதைப் பார்த்துப் பார்த்து நாமே அந்த வழக்கத்தை உண்டாக்கிவிட்டோம்.

ஒரு பெண். அவள் அம்மா கடலை மிட்டாய் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். 'எங்கள் ஊர்' என்ற தலைப்பில் எழுதினாள்: 'கடலை மிட்டாய் ஓர் இனிப்பு. அது சத்தானது. 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. அனைவரும் விரும்பி உண்பர்.' பிழையே இல்லை. 'ஓர்' கூடச் சரியாகப் போட்டிருந்தாள். எனக்குச் சப்பென்று இருந்தது. பக்கத்தில் உட்கார வைத்து, "உங்கம்மா அங்க என்ன செய்வாங்க?" என்று கேட்டேன். பத்து நிமிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். "இதை அப்படியே எழுதிட்டு வா, பிழை பார்க்க மாட்டேன்" என்றேன். மறுநாள் வந்தது இது:

'எங்க அம்மா கடலையை வறுத்து அப்புறம் தேய்ச்சு பொடச்சு தோல எடுத்து அப்புறம் வெல்லத்த காய்ச்சி அப்புறம் தண்ணில ஒரு சொட்டு விட்டு அத எடுத்து தட்டுல போட்டு டங்குன்னு சத்தம் கேட்டா அப்புறம் கடலைய கொட்டி கிண்டி பலகைல கொட்டி கட்டையால உருட்டி அப்புறம் வெட்டுவாங்க.'

ஒரே வாக்கியம். ஒரே ஒரு முற்றுப்புள்ளி. ஆனால் அந்த 'டங்' எந்தக் கைடில் இருக்கிறது? படித்துவிட்டு எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

அதைப் பலகையில் எழுதி, முடியாமல் நிற்கிற வினைகளை எல்லாம் அடிக்கோடு போடச் சொன்னேன். வறுத்து, தேய்த்து, புடைத்து... 'கேட்டா'வைத் தள்ளிவிட்டு எண்ணினால் 12. இதற்கு வினையெச்சம் என்று பெயர் என்றேன், பெயர் மட்டும்தான் சொன்னேன். எச்சம் என்றால் மிச்சம், வாக்கியம் இன்னும் மிச்சம் இருக்கிறது. அப்புறம் அவளிடம், "அம்மா எங்கெங்க கையை நிறுத்துவாங்க?" என்று கேட்டேன். வறுத்துத் தோல் எடுத்ததும் ஒரு தடவை. பாகு பதம் பார்க்கும்போது. உருட்டி முடித்ததும். அந்த இடங்களில் புள்ளி வைத்தோம். ஐந்து 'அப்புறம்' இருந்ததே, அதை அடிக்கவில்லை. அப்புறம் என்றால் எப்போது, உடனேயா, கொதித்த பிறகா, ஆறிய பிறகா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் பதிலிலிருந்தே 'கொதித்ததும்', 'ஆறுவதற்குள்', 'ஆறிவிட்டால்' எல்லாம் வந்தன. தமிழில் வாக்கியத்துக்கு வாக்கியம் கண்ணி கோக்கிற வேலையைப் பெரும்பாலும் வினையின் வாலே பார்த்துக்கொள்கிறது. இதை விட்டுவிட்டு 'மேலும், ஆகவே, எனவே' என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைக்கிறோம்.

நாலாவது தடவை எழுதியது:

'எங்கள் அம்மா கடலை மிட்டாய் கம்பெனியில் வேலை பார்க்கிறார். முதலில் கடலையை வறுத்து, தேய்த்துப் புடைத்து, தோலை நீக்குவார்கள். வெல்லப் பாகு கொதித்ததும் ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுவார்கள். அதை எடுத்துத் தட்டில் போட்டால் டங்குன்னு சத்தம் கேட்கணும். கேட்காவிட்டால் மிட்டாய் பல்லில் ஒட்டும். பதம் சரியாக இருந்தால் கடலையைக் கொட்டிக் கிண்டி, பலகையில் போட்டு உருட்டுவார்கள். ஆறுவதற்குள் வெட்டிவிட வேண்டும். ஆறிவிட்டால் வெட்ட வராது, உடையும். அம்மா கையில் பாகு பட்ட தழும்புகள் இரண்டு இருக்கிறது.'

'இருக்கின்றன' என்று வர வேண்டும். பார்த்தேன், அந்த நேரத்தில் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் வாய், கை விளையாட்டில் பொதுவாகக் கேட்டேன், அவளே நோட்டை எடுத்துத் திருத்திக்கொண்டாள். 'டங்குன்னு சத்தம் கேட்கணும்' மட்டும் வாய்ப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எல்லாம் இப்படி ஜோராக நடக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதே. நாலு பிள்ளைகள் இன்னும் அரும்பு நிலைதான், அதாவது முதல் படியிலேயே நிற்கிறார்கள். எழுத்துக் கூட்டவே திணறுகிறவர்களிடம் பத்தியைப் பற்றி என்ன பேசுவது? அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதிக் கொடுக்கிறேன், பார்த்து எழுதுகிறார்கள். அதில் ஒருவன் ஆட்டுக் கிடை போடுகிற குடும்பம். இளமைப் பெயர்ப் பாடத்தில் சிங்கக் குருளை, புலிப் பறழ் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது வாயே திறக்காதவன், ஆடு வந்ததும் கிடா, மறி, பட்டி என்று அடுக்கினான். மறி என்றால் அவன் வீட்டில் பெட்டை ஆடு. ஒரு வாரம் கழித்து, யார் உதவியும் இல்லாமல் இரண்டு வரி எழுதிக் கொண்டுவந்தான். 'எங்கள் மறி இரண்டு குட்டி போட்டது. ஒன்று செத்துப்போச்சு.'

போன வாரம் ஆய்வுக்கு வந்தவர் அந்த நோட்டைத்தான் கையில் எடுத்தார். 'ஈன்றது' என்றும் 'இறந்துவிட்டது' என்றும் ஏன் திருத்தவில்லை, நோட்டில் சிவப்பு மையையே காணோமே என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன். இன்னும் திருத்தவில்லை. நீயாக இருந்தால் திருத்தியிருப்பாயா? நிஜமாகவே கேட்கிறேன், எழுது.

உன் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கருவாடு போடத் தெரியும், வலையில் கிழிசல் பார்க்கத் தெரியும். அதை எழுதச் சொல்லிப் பார். உனக்குத் தெரிந்த மாதிரி மட்டும் காட்டிக்கொள்ளாதே. உப்பு எவ்வளவு, எத்தனை நாள் வெயில், மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே இரு. நாகப்பட்டினத்தில் இப்போது மழைதானே, கடலுக்குப் போகாத நாளில் வீட்டில் என்ன நடக்கிறது என்பதே ஒரு பத்தி.

தம்பி குடும்பத்தோடு அடுத்த வாரம் வேளாங்கண்ணி வருகிறான். அவனிடம் கடலை மிட்டாய் இரண்டு பாக்கெட் கொடுத்து விடுகிறேன். ஈரக் காற்றில் நமுத்துப் போகும், வாங்கியதும் டப்பாவில் போட்டு மூடி வை. அம்மா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்; எழுதிவிட்டேனா என்று இரண்டு தடவை கேட்டும் விட்டாள்.

அன்புடன்,
கலா