குளோன் முடிந்ததும் பழைய டிஸ்க்கை அழிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கணினி பற்றிப் பத்திரிகைகளில் வரும் குறிப்புகளில் "ஹார்டு டிஸ்க் மக்கர் பண்ணுகிறதா, உடனே ஒரு எஸ்எஸ்டி வாங்கிக் குளோன் செய்துவிடுங்கள்" என்று ஒரு வரி இருக்கும். குளோன் என்றால் பழைய டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அப்படியே புது டிஸ்க்குக்கு நகல் எடுப்பது. யோசனை சரிதான், ஆனால் பெரும்பாலும் அதோடு முடித்துவிடுகிறார்கள். லேப்டாப் பழுது பார்ப்பது என் தொழில். அந்த ஒரு வரியை நம்பி, சொன்னபடியே செய்துவிட்டு, அப்புறம் என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

குளோன் நூறு சதவீதம் முடிந்தது என்று திரையில் வரும். புது டிஸ்க்கை மாட்டி ஆன் செய்தால் நீலத்திரை, 'இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்' என்று நிற்கும், இல்லை என்றால் பூட் செய்ய (விண்டோஸைக் கிளப்ப) எதுவுமே இல்லை என்று சொல்லும். உடனே எல்லோரும் செய்வது, பழைய டிஸ்க்கை எடுத்து மறுபடி முதலிலிருந்து குளோன் போடுவது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். சாகக் கிடக்கிற டிஸ்க்கை இன்னொரு முறை முழுக்கப் படிக்க வைத்தால், முதல் தடவை கிடைத்தது இரண்டாம் தடவை கிடைக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. பூட் ஆகாததற்குக் காரணம் பெரும்பாலும் புது டிஸ்க்கில்தான் இருக்கும், அதைப் பழையதைத் தொடாமலே சரிசெய்யலாம்.

சி டிரைவை மட்டும் காப்பி செய்திருப்பார்கள், பூட் தகவல் இருக்கிற சின்ன இஎஃப்ஐ பார்ட்டிஷன் (டிஸ்க்கில் தனியாகப் பிரித்த பகுதி, பெரும்பாலும் 100 எம்பி அளவில், டிரைவ் எழுத்துகூட இல்லாமல் இருக்கும்) விட்டுப்போயிருக்கும். அப்படியானால் விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவில் பூட் செய்து, அந்தப் பார்ட்டிஷன் இல்லையென்றால் புதிதாக உருவாக்கி, பிசிடிபூட் கட்டளையால் பூட் ஃபைல்களைத் திரும்ப எழுதிவிடலாம். பழைய டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் இருந்து, பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) இப்போது யுஇஎஃப்ஐ என்ற புது முறையில் மட்டும் தேடுகிறதா என்றும் பாருங்கள். சாட்டா என்ற பழைய இணைப்பு வகை டிஸ்க்கிலிருந்து என்விஎம்இ என்ற புது வகை டிஸ்க்குக்கு மாறியிருந்தால், ஒரு முறை சேஃப் மோடில் (அடிப்படை டிரைவர்களோடு மட்டும்) கிளப்பினாலே தேவையான டிரைவர் ஏறிக்கொண்டு சரியாகிவிடுவது உண்டு. இன்னொன்று, இரண்டு டிஸ்க்கையும் ஒன்றாக மாட்டிக்கொண்டு முதல் பூட் செய்யாதீர்கள். குளோன் என்பதால் இரண்டுக்கும் ஒரே அடையாள எண்தான், விண்டோஸ் குழம்பி ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும். புதியதை மட்டும் மாட்டிக் கிளப்புங்கள்.

யுஎஸ்பி கேஸில் (டிஸ்க்கை வெளியிலிருந்து இணைக்கும் பெட்டியில்) வைத்துக் குளோன் செய்தபோது எல்லாம் தெரிந்தது, லேப்டாப்புக்குள் மாட்டியதும் டிஸ்க் காலியாகக் காட்டுகிறது என்றால் பதற வேண்டாம். சில கேஸ்கள் செக்டர் (டிஸ்க்கில் தகவல் எழுதப்படும் சிறு கட்டம்) அளவை 512 பைட் என்பதற்குப் பதில் 4096 என்று மாற்றிச் சொல்லும், நேரடியாக மாட்டும்போது பார்ட்டிஷன் கணக்கு உதைக்கும். அதே கேஸில் திரும்ப வைத்தால் எல்லாம் அப்படியே இருக்கும்.

டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல புது லேப்டாப்களில் உரிமையாளருக்கே தெரியாமல் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறது. குளோன் செய்த டிஸ்க் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும்போதுதான் விஷயமே தெரிய வருகிறது. பெரும்பாலும் அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். பழைய டிஸ்க் ஓடுகிறபோதே அந்த எண்ணைத் தேடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற கோளாறு. என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது, நன்றாகப் பூட் ஆகிவிடுகிற குளோன்கள்தான். பழைய டிஸ்க்கில் படிக்க முடியாத செக்டர் வந்தால், குளோன் மென்பொருள் பல நேரம் அந்த இடத்தில் வெறும் பூஜ்யத்தைப் போட்டுவிட்டு மேலே போய்விடும். ஃபைலின் பெயர் அதே, அளவு அதே, தேதியும் அதே. போல்டரைத் திறந்து பார்த்தால் எல்லாம் வந்துவிட்டது போலவே இருக்கும். ஒரு கல்யாணப் போட்டோவைத் திறக்கிறீர்கள், மேலே மாலையும் முகமும் தெளிவாக இருக்கிறது, கழுத்துக்குக் கீழே படம் முழுக்க ஒரே சாம்பல் நிறப் பட்டை. பக்கத்துப் படத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வருடக்கணக்கில் சேர்த்த கணக்கு ஃபைல் சேதமடைந்திருக்கிறது என்று எக்செல் சொல்லும். இது தெரிய வருவதற்குள் பழைய டிஸ்க்கை ஃபார்மேட் செய்தோ, தூக்கிப்போட்டோ இருப்பார்கள்.

விண்டோஸிலேயே இருக்கும் பழுது நீக்கும் கட்டளைகளான எஸ்எஃப்சி ஸ்கேன், டிஐஎஸ்எம் இரண்டையும் ஓட்டினால் விண்டோஸின் சொந்த ஃபைல்கள் சரியாகும், ஸ்டார்ட் மெனு திறக்காதது, அப்டேட் பாதியில் நிற்பது போன்றவை பெரும்பாலும் தீரும். ஆனால் அவை உங்கள் போட்டோவைத் தொடவே தொடாது. 'பிழை எதுவும் இல்லை' என்று வந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள்.

பழுதான டிஸ்க்குக்குச் சாதாரண குளோன் மென்பொருளைவிட இலவசமாகக் கிடைக்கும் குனு டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் எவ்வளவோ மேல். லினக்ஸ் பென்டிரைவில் ஓட்ட வேண்டும், கொஞ்சம் பழக வேண்டும், அவ்வளவுதான். முதலில் சுலபமாகப் படிக்க முடிகிற பகுதிகளை எடுத்துவிட்டு, அடம் பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எது வந்தது எது வரவில்லை என்று ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொள்வதால் நடுவில் நிறுத்தித் தொடரலாம். வராத இடங்களில் நாம் கொடுக்கும் ஒரு வாசகத்தை எழுதச் சொல்லி, அந்த வாசகம் எந்தெந்த ஃபைலில் இருக்கிறது என்று தேடினால் சேதமானவற்றின் பட்டியல் பெரும்பாலும் கைக்கு வந்துவிடும். டிஸ்க் பிழைகளைத் திருத்தும் விண்டோஸ் கட்டளையான செக்டிஸ்க்கைக் குளோனில் ஓட்டுங்கள், பழையதில் ஒருபோதும் வேண்டாம். டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் இதையும் நிறுத்திவிட்டு, டேட்டா மீட்பு செய்கிறவர்களிடம் கொடுப்பதே நல்லது.

ஸ்மார்ட் அறிக்கை (டிஸ்க் தன் நலத்தைத் தானே கண்காணித்துச் சொல்வது) பச்சையாகத்தானே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: கூகுள் பொறியாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பழுதான டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றுகூடக் காட்டவில்லை. அதே ஆய்வில், முதல் ஸ்கேன் பிழை வந்த டிஸ்க் அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு, அந்தப் பிழை வராததைவிட 39 மடங்கு அதிகம். அதனால் ஸ்மார்ட் அறிக்கையில் கெட்டுப்போன, படிக்க முடியாத செக்டர்களின் கணக்கைக் காட்டும் 5, 197, 198 என்ற எண்களுக்கு நேரே பூஜ்யம் இல்லாமல் ஏதாவது தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் பத்திரிகையில் இனி குளோன் பற்றி எழுதும்போது, முக்கியமான ஃபைல்களைத் திறந்து சரிபார்க்கும் வரை பழைய டிஸ்க்கை மின் இணைப்பு இல்லாமல் அப்படியே எடுத்து வையுங்கள் என்று இரண்டு வரி சேர்க்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
லேப்டாப் பழுது பார்க்கும் ஒரு வாசகர்