செக்ரோலைப் பார்த்தால் போதாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பொருளாதாரம் சரியும்போது அரசின் வரவு செலவுத் திட்டம் தானாகவே சனங்களைத் தாங்கிக்கொள்ளும் என்று ஞாயிறு இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. வருமானம் குறைந்தால் வரி குறையுமாம், வேலை போனால் உதவிப்பணம் வருமாம், அமைச்சரவை கூட வேண்டியதில்லையாம். ஐரோப்பாவில் சரி. இங்கே இலங்கையில் வேலை போனவருக்கு அப்படியொரு உதவிப்பணமே கிடையாது.

தேயிலைத் தோட்டத்து ஆபிசில் செக்ரோல், அதாவது தொழிலாளரின் வரவும் சம்பளமும் பதியும் பேரேடு, எழுதியவன் நான். தை, மாசியில் பனியும் வெயிலும் சேர்ந்தால் கொழுந்து வராது. பிரட்டுக்கு (காலையில் ஆள் எடுக்கும் இடத்துக்கு) வந்த எல்லோருக்கும் வேலை கொடுக்க முடியாது. கொடுத்தாலும் நிறை காணாமல் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழும். கொழுந்தெடுக்கும் பெண்கள் வருமான வரி கட்டுமளவுக்கு ஒருநாளும் சம்பாதித்ததில்லை. பிறகு எந்த வரி குறையும்? அவர்கள் கட்டுவது சவர்க்காரத்தின் விலையில் ஒளிந்திருக்கும் வற் எனும் பெறுமதி சேர் வரி. 2022இல் நாட்டின் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியபோது, அதே வருடம் வற் 8 சதவீதத்திலிருந்து 12 ஆகி, செப்டெம்பரில் 15 ஆனது. 2024 ஜனவரியில் 18. மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதைதான்.

திறைசேரி காலி, சர்வதேச நாணய நிதியம் கேட்டது என்பார்கள். சரி, 2019 டிசம்பரில் 15ஐ 8 ஆக வெட்டியது யார் கேட்டு?

ஏழைக் குடும்பங்களுக்கு அரசு கொடுக்கும் அஸ்வெசும உதவிப்பணம் இருக்கிறதே என்றும் சொல்வார்கள். விண்ணப்பம், கணக்கெடுப்பு, 22 குறிகாட்டிகள், மேன்முறையீடு. வீட்டையும் மின்சாரப் பாவனையையும் பார்ப்பார்கள். இந்த மாதம் செக்ரோலில் எத்தனை நாள் பேர் விழுந்தது என்று யாரும் பார்ப்பதில்லை.

பார்க்க வழி இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதமும் தோட்டத்தின் பங்காக 12 சதவீதமும் மாதாமாதம் போக வேண்டும். செக்ரோலில் சம்பளம் குறைந்தால் அந்தத் தொகையும் குறையும். (பிந்திக் கட்டுகிறவர்கள் கதை வேறு, அதற்குத் தனிக் கடிதம் எழுத வேண்டும்.) ஒரு தோட்டத்தின் தொகை குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால், அங்குள்ள குடும்பங்களின் அஸ்வெசும அடுத்த மாதமே கூட வேண்டும், கொழுந்து திரும்பியதும் பழைய அளவுக்கு வர வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைக்கலாம். பிரதேச செயலகத்தில் வரிசை இல்லை. அமைச்சர் வந்து மாலை போட்டுக்கொள்ள மேடையும் இல்லை. அதனாலேயே நடக்காதோ என்றும் எனக்குச் சந்தேகம்.

வரவு செலவுத் திட்ட விவாதத்தில் நமது மலையக எம்.பி.மார் நாட்சம்பளத்தோடு இதையும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட உத்தியோகத்தர்,
பொகவந்தலாவை.