அதே ஆணியில்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போன் போட்டால் "டூட்டியில இருக்கேன்மா" என்று வைத்துவிடுகிறாய். பணம் மாதம் தவறாமல் வருகிறது. உன் குரல்தான் வருவதில்லை. துபாய் போன இந்த இரண்டு வருஷத்தில் ஒரு பூசைக்கும் நீ போகவில்லை என்று தங்கச்சி சொன்னாள். "எந்த முகத்தோட போறது" என்றாயாமே.

போன வாரம் அப்பா சட்டையோடு தெருமுனை இஸ்திரி வண்டிக்குப் போனேன். இஸ்திரிக்காரர் பெட்டியைத் திறந்து கரியை விசிறிக்கொண்டிருந்தார். புகை முகத்தில் அடித்ததும் நம் ராயப்பர், அதான் பேதுரு, ஞாபகம் வந்தது. அவர் பெயரில்தானே நம் ராயபுரமே இருக்கிறது. ஆண்டவரைத் தெரியாது என்று பேதுரு மூன்று தரம் சொன்னாரே, அப்போது அவர் குளிர் காய்ந்தது கரி நெருப்பில். யோவான் நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அப்புறம் 21-ஐ எடுத்துப் படி. உயிர்த்த ஆண்டவர் விடியற்காலையில் கரையில் கரி நெருப்பு மூட்டி, மீனை மேலே வைத்துக் காத்திருக்கிறார். புதிய ஏற்பாட்டில் கரி நெருப்பு வருவது இந்த இரண்டு இடத்தில்தான். அந்த வாசத்துக்கே பேதுருவுக்கு நெஞ்சு பதறியிருக்கும். ஆண்டவரோ சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பிட்ட பிறகுதான் பேச்சு. ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கவே இல்லை. என்மேல் அன்பு இருக்கிறதா என்று மூன்று தரம் கேட்டார், மூன்று தரமும் தம் ஆடுகளை அவரிடமே ஒப்படைத்தார்.

இத்தனைக்கும், சேவல் கூவுவதற்குள் மறுதலிப்பாய் என்று சொன்ன அதே ராத்திரிதான் ஆண்டவர் பேதுருவின் காலைக் கழுவியதும்.

நீ நகையை எடுத்தது எனக்கு வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். தங்கச்சி கல்யாணத்துக்கு வைத்த எட்டு சவரன். காலி டப்பாவைப் பார்த்ததும் பீரோ முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ரொம்ப நாள், ஜெபம் பண்ணும்போதுகூட உன்மேல் கோபம்தான். கடவுள் என்னைப் போல இல்லை தம்பி. அவர் கோபம் ஆறட்டும் என்று நீ காத்திருக்க வேண்டியதில்லை. பணம் அனுப்பு, அது நியாயம், தங்கச்சிக்குச் சேர வேண்டியது. ஆனால் கடன் தீர்ந்த பிறகுதான் கோயிலுக்குள் கால் வைப்பேன் என்று இருக்காதே. அங்கே துபாயிலேயே ஊத் மேத்தாவில் மாதா கோயில் இருக்கிறது. இந்த வாரமே போய்ச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணு, நற்கருணை வாங்கு.

டிசம்பரில் லீவு கேள். பீரோ சாவி மாதா படத்துக்குப் பக்கத்தில் அதே ஆணியில்தான் தொங்குகிறது. இடத்தை மாற்றச் சொன்னார் அப்பா. நான் மாற்றவில்லை.

அம்மா