பாலத்து முனையில் தூக்கிப் போடாத வீதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாண நகரத்து நெரிசலைத் தவிர்க்கப் புறவழி வீதி வேண்டும் என்று பேசுகிறவர்கள், அது எந்த ஊரூடாகப் போகவேண்டும் என்பதிலேயே மல்லுக்கட்டுகிறார்கள். அந்த வீதியில் வரப்போகும் பாலங்களின் முனைகளைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. பஸ்ஸின் பின் ஆசனத்தில் இருந்து போனவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். பாலத்தில் ஏறும்போது ஒரு தூக்கு, இறங்கும்போது இன்னொன்று. போன மாரியில் என் மடியிலிருந்த முட்டைகளில் பாதி அப்படித்தான் போயின.

பாலம் ஆழத்துச் சுண்ணாம்புக்கல்லில் ஊன்றி அசையாமல் நிற்கிறது. அதை அணுகும் மண்மேடோ வருடா வருடம் அமிழ்கிறது. சந்திக்கும் இடத்தில் படி விழுகிறது. தார் ஊற்றி மட்டம் செய்வார்கள். அடுத்த மாரிக்குப் பழைய கதைதான்.

இடையிடையே வலை விரித்து வலுவூட்டிய மண்ணால், பாலத்தின் முனையைத் தாங்கும் முட்டுச்சுவரைக் கட்டினால் பாலத்தின் தளம் அந்த மண்மேட்டின் மேலேயே உட்காரும். அமிழ்ந்தாலும் இரண்டும் சேர்ந்தே அமிழும். மண்ணை நம்பிப் பாலமா என்று சிரிக்க வேண்டாம். வெறுமனே குவித்த மணல் சரியும், சாக்கில் கட்டி அடுக்கினால் சுவராக நிற்கும் என்பதைப் பதுங்குகுழிக் காலத்தைக் கண்ட எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. பிரெஞ்சுப் பொறியியலாளர் ஹென்றி விடால் 1960களில் இரும்புப் பட்டிகளை மண்ணுக்குள் படுக்க வைத்துச் செய்ததும் அதே வேலைதான். எங்கள் கடல்நீரேரி உப்பில் இரும்பு துருப்பிடிக்கும். துருவேறாத பிளாஸ்டிக் ஜியோகிரிட் வலை இங்கே பொருத்தம். ஏறத்தாழ 20 சென்ரிமீற்றருக்கு ஒரு படை மண் போட்டு, றோலரால் இறுக்கி, அதன்மேல் வலை விரிக்க வேண்டும்.

என் பயமெல்லாம் அந்த மண்ணைப் பற்றித்தான். கிட்டக் கிடைக்கிறதென்று தோட்டச் செம்மண்ணை அள்ளிக் கொட்டுவார்கள். களி கலந்த மண் நீரைப் பிடித்து வைத்துச் சுவரை வெளியே தள்ளும். 0.075 மில்லிமீற்றர் கண்ணுள்ள அரிதட்டில் கழியும் நுண்மண் நூற்றுக்கு 15க்கு மேல் கூடாது என்பது அமெரிக்க நெடுஞ்சாலை நிர்வாகத்தின் வரம்பு. செம்மண் கூடாதென்றால் உடனே மணற்காட்டு மணல் மேடுகளைக் கைகாட்டுவார்கள். தயவுசெய்து அவற்றைத் தொடவேண்டாம். கரையைக் காப்பவை அவைதாம். செலவானாலும் வன்னியிலிருந்து உடைகல் வரட்டும். ஆழ அடித்தளத்துக்குப் போகும் காசில் ஒரு பங்கு அதற்குப் போதும்.

இந்த முறையை எங்கும் கண்ணை மூடிக்கொண்டு செய்யவும் முடியாது. கார்த்திகை, மார்கழியில் வழுக்கையாறு பாய்வதை அராலிப் பக்கத்தார் அறிவார்கள். 2008இல் நிஷா புயல் கொண்டுவந்த வெள்ளத்தை எவரும் மறக்கவில்லை. நீர் அடியை அரித்தால் மேலே எத்தனை வலை விரித்தும் பயனில்லை. அப்படிப்பட்ட இடங்களில் பெரிய கற்களை அடுக்கிக் காக்க வேண்டும், முடியாவிட்டால் பழையபடி ஆழ அடித்தளமே போடவேண்டும்.

ஒவ்வொரு படைக்கும் எடுக்கும் அரிதட்டு, இறுக்கச் சோதனை முடிவுகளை வேலைத்தளத்துப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். நான் போய் வாசிப்பேன்.

ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்,
அராலி