இரவு வெப்பத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெப்ப அலை வரும்போதெல்லாம் பகலின் உச்ச வெப்பநிலையை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். வேண்டியதுதான். ஆனால் இரவில் அது எவ்வளவு தணிந்தது என்பதை உள்பக்கத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. காற்றின் ஈரப்பதம் பல நாள் வருவதே இல்லை.

பகலில் சூடேறிய உடம்பு ராத்திரியில்தான் ஆறும். சூட்டை வெளியேற்றத் தோலுக்கு அதிக ரத்தம் போக வேண்டும். அதற்காக இதயம் கூடுதலாக உழைக்கிறது. இரவும் புழுங்கினால் அதற்கு ஓய்வே கிடையாது. நான்கைந்து நாள் இப்படிப் போனால் வயதானவர்கள் தாங்க மாட்டார்கள். கான்கிரீட் சுவர்கள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இருட்டிய பிறகு வெளியே விடுவதால் நகரங்களில் இன்னும் மோசம்.

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் வெப்ப அலையால் சில நாட்களுக்குள் 700 பேருக்கு மேல் இறந்தார்கள். 2003 ஆகஸ்டில் பிரான்சில் மட்டும் சுமார் 15,000 பேர். பெரும்பாலோர் முதியவர்கள். அவர்களில் பலர் வெயிலில் நடந்து விழுந்தவர்கள் அல்ல, வீட்டுக்குள் தனியாக இருந்தவர்கள். ‘வெளியே போகாதீர்கள்’ என்ற எச்சரிக்கை அவர்களுக்கு என்ன உதவியிருக்கும்?

ஈரப்பதமும் அப்படித்தான். வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர உலராது. ஈரமான 36 டிகிரி, வறண்ட 41 டிகிரியைவிடக் கொடுமையாக இருக்கலாம். பகல் உச்சத்தை மட்டும் பார்ப்பவர், ‘சரி, இன்று பரவாயில்லை’ என்று நினைத்துவிடுவார்.

நானும் அப்படி நினைத்தவன். சென்ற கோடையில் என் அப்பா பகலில் வாசலைத் தாண்டவே இல்லை. மூன்று இரவுகள் அவருக்குச் சரியான தூக்கமில்லை. நான்காம் நாள் காலையில் பேச்சு குழறியது, என்னையே யாரென்று கேட்டார். தூக்கக் கலக்கம் என்று எண்ணி அரை மணி நேரத்தை வீணாக்கிவிட்டேன். அது ஹீட் ஸ்ட்ரோக், அதாவது உடம்புச் சூடு அளவு மீறி மூளையைப் பாதிக்கும் நிலை. அப்பா பிழைத்துவிட்டார், ஆனால் அந்த அரை மணி நேரம் இன்னும் என்னை விடவில்லை. கடும் வெப்பத்தில் ஒருவருக்குக் குழப்பமோ குழறலோ வந்தால் காத்திருக்கவே கூடாது. உடனே ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, உடம்பை நனைத்து விசிற வேண்டும். நினைவு தவறியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

முதல் பக்கத்தில் ஒரு சிறிய கட்டம் போதும்: பகல் உச்சம், இரவுக் குறைந்தபட்சம், ஈரப்பதம். இரவு தணியாத நாட்களில் அதன் கீழே ஒரு வரி சேருங்கள்: பக்கத்தில் தனியாக இருக்கும் முதியவரின் கதவை இன்று காலை ஒரு தடவை தட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்